கட்டுக்கடங்காத கூட்டம் பெருமையா?

(தொண்டர் பயிற்சி முகாமின் கடைசி நாளில் செய்த சொற்பொழிவு)



பேச்சைத் துவக்கும் முன் ஒரு சிறு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. இப்பந்தலின் தெற்குப் பக்க வழியை அடைத்துப் பெஞ்சுகள் அடுக்கியிருக்கின்றன. வாலிபர்கள் நாலு பேர் எழுந்து அவைகளை அப்புறப்படுத்த வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம். நாம் மேடைக்கு வந்து உட்கார்ந்தது முதல் அவைகளைத்தான் பார்த்துக் கொண்டிருந்தோம். தலைவர் அவர்கள் நம்மைப் புகழ்ந்து பேசியதுகூட நமது காதில் சரியாக விழவில்லை. சரி, எடுத்தாகிவிட்டது. சந்தோஷம். இப்போது இப்பந்தலுக்கு மூன்று வழி. ஐந்து நிமிஷத்துக்கு முன் இரண்டுதான். இதைத் தொண்டர் பயிற்சி முகாம் என்று சொல்லுகிறோம்!

தோழர்களே! நம் நாட்டில் ஒரு கூட்டம் நடந்தால் மறுநாள் பத்திரிகையில் என்ன போடுகிறார்கள்? "கட்டுக்கடங்காத கூட்டம்" என்கிறார்கள். "எள் போட்டால் எள் விழாத கூட்டம்" என்கிறார்கள். கட்சிக்காரன் போடுகிறான், கோயில்காரன் போடுகிறான், சினிமாக்காரன் போடுகிறான், நாமும் போடுகிறோம். கட்டுக்கடங்காத மாடு என்றால் அதை வைத்திருப்பவன் பெருமைப்படுவானா? வெட்கப்படுவான். கட்டுக்கடங்காத நெருப்பு என்றால் ஊரே ஓடிவரும். கூட்டம் ஒன்றுக்கு மாத்திரம் கட்டுக்கடங்காமை என்பது கௌரவமாகப் போய்விட்டது. எள் விழாத இடத்தில் ஒரு குழந்தை விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பவர் இல்லை.

பிறரைச் சொல்லுவதற்கு முன் நம் சங்கதியைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஊரில் (ஊர்ப்பெயர் வேண்டாம், அவ்வூர்த் தோழர்கள் சிலர் இங்கேயே இருக்கிறார்கள்) நமது கூட்டம் ஒன்று நடந்தது. ஏற்பாடு செய்தவர்களில் நாமும் ஒருவர். ஐந்நூறு பேருக்கென்று மூங்கில் தட்டி கட்டி வளைத்த இடத்துக்கு இரண்டாயிரம் பேர் வந்துவிட்டார்கள். அறுபது வாலிபர்களுக்குச் சட்டையில் சின்னம் குத்தி, "நீங்கள் தொண்டர்கள்" என்று சொன்னோம். என்ன செய்யவேண்டும் என்பதை மாத்திரம் சொல்லவில்லை. ஆகவே அவர்கள் அறுபது பேரும் மேடையைச் சுற்றிக் கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, பேச்சாளரைக் கைபேசியில் படம் பிடிக்கக் காத்துக் கொண்டு நின்றார்கள். பேச்சாளருடைய வண்டியைப் பெண்கள் பக்கமாக உள்ளே விட்டோம். ஏன் என்றால் அதுதான் மேடைக்குக் கிட்ட. வண்டியைக் கண்டதும் ஆண்கள் பக்கம் முழுவதும் எழுந்து அந்தப் பக்கம் சாய்ந்தது. பெண்களும் பிள்ளைகளும் தட்டியோடு தட்டியாக ஒட்டிக் கொண்டார்கள். தட்டிக்கு அப்பால் காலித் திடல். ஆடு மேய்ந்து கொண்டிருந்தது. ஆனால் தட்டியை இறுகக் கட்டியிருந்தோம். டிக்கட் இல்லாமல் யாரும் நுழைந்துவிடக் கூடாது அல்லவா!

வெளியே இளநீர் விற்றுக் கொண்டிருந்த ஓர் அம்மாள் இதைப் பார்த்தார். "எலே, பொம்பளைங்க நசுங்குறாங்கடா, கயித்த அறுங்கடா!" என்று கத்தினார். ஒருவரும் வரவில்லை. இளநீர் சீவும் அரிவாளை எடுத்துக் கொண்டு அவரே வந்து நாலைந்து கட்டுகளை அறுத்துவிட்டார். தட்டி வெளிப்புறமாகச் சாய்ந்தது, பெண்கள் திடலில் வந்து விழுந்தார்கள். ஒரு தாய்க்குக் கை எலும்பு முறிந்தது. ஒரு குழந்தைக்கு மூச்சு நின்று, பிறகு வந்தது. அவ்வளவோடு போயிற்று. தட்டியை அறுத்ததற்காக நமது ஏற்பாட்டுக்காரர் ஒருவர் அந்த அம்மாளிடம் சண்டைக்குப் போனார் என்பதையும் மறைப்பதற்கில்லை. மறுவாரம் பத்திரிகைக்குச் சேதி அனுப்பியது நாம்தான். "கட்டுக்கடங்காத கூட்டம், மாபெரும் வெற்றி" என்று நமது கையாலேயே எழுதினோம். இளநீர் அம்மாளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அன்று அந்தத் திடலில் இருந்த ஒரே தொண்டர் அவர்தான் என்பது நமக்குப் புரிவதற்கு வெகு நாளாயிற்று.

கூட்டத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டால் சொல்லுவதற்கு நம் நாட்டில் இரண்டு சமாதானங்கள் எப்போதும் தயாராய் இருக்கின்றன. ஒன்று, விதி. மற்றொன்று, ஜனங்கள் முண்டியடித்தார்கள் என்பது. முன்னது பக்தன் சொல்லுவது. பின்னது படித்தவன் சொல்லுவது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஏற்பாடு செய்தவனை யாரும் ஒரு கேள்வியும் கேளாதபடி இரண்டுமே பார்த்துக் கொள்ளுகின்றன.

விதியை முதலில் எடுத்துக் கொள்வோம். கும்பகோணத்தில் 12 வருஷத்துக்கு ஒரு தரம் மகாமகம் நடப்பது உங்களுக்குத் தெரியும். 1992-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி நடந்த மகாமகத்தில், முதலமைச்சர் நீராட வந்திருந்த வேளையில், குளத்தண்டை ஏற்பட்ட நெரிசலில் ஐம்பது பேரளவில் மாண்டார்கள். அவர்கள் தலையெழுத்து அப்படி என்றார்கள். புண்ணிய தலத்தில் செத்தவனுக்கு மோக்ஷம் என்று சொல்லக் கூடியவர்களும் நம்மிடையே உண்டு. நல்லது. அதற்குப் பிறகு 2004-லும் 2016-லும் மகாமகம் வந்தது. அதே குளம், அதே மாசி மகம், அதே குரு, அதே சிம்மராசி. ஜனங்களும் லக்ஷக்கணக்கில் வந்தார்கள். ஆனால் அம்மாதிரி சாவு நேரவில்லை. கிரகம் மாறிவிட்டதா? சாமிக்குப் புத்தி வந்துவிட்டதா? அதொன்றுமில்லை. பட்ட பிறகு சர்க்காருக்குப் புத்தி வந்தது. எந்த வழியாக வருவது, எந்த வழியாகப் போவது, எங்கே தடுப்பது, எங்கே ஆள் நிற்பது என்று முன்கூட்டியே யோசித்தார்கள். யோசித்த இடத்தில் விதிக்கு வேலையில்லாமல் போயிற்று.

இங்கே நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். திருவிழாவில் நெரிசல் என்று சேதி வந்தால், "உங்கள் கடவுள் ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்டுவிட்டு நாம் தூங்கப் போய்விடுகிறோம். கேள்வி நியாயமான கேள்விதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் செத்தவன் பக்தன் என்பதற்காக அவன் சாவு நமக்குப் பரிகாசமாகிவிடக் கூடாது. அன்றியும், கடவுளுக்குச் சம்பந்தமே இல்லாத கூட்டங்களில் என்ன நடக்கிறது? 2025-ஆம் வருஷம் ஜூன் 4-ந் தேதி பெங்களூரில் கிரிக்கெட் ஜெயத்தைக் கொண்டாட மைதான வாசலில் கூடினவர்களில் 11 பேர் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி கரூரில் ஓர் அரசியல் பிரசாரக் கூட்டத்தில் 41 பேர் மாண்டார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. 2022-ஆம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி கொரியா தேசத்து சியோல் நகரில், இத்தேவான் என்கிற கேளிக்கைப் பேட்டையில், பத்தடி அகலத்துக்கு மேல் அதிகமில்லாத ஒரு சந்தில் அகப்பட்டு 159 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வாலிபர்கள். சாயங்காலம் 6 மணி 34 நிமிஷத்துக்கே ஒருவர் போலீசுக்குப் போன் செய்து, ஜனங்கள் நசுங்கிச் சாவார்கள் போலிருக்கிறது என்று சொன்னார். விபரீதம் நேரும் வரையில் அப்படிப் பதினோரு தடவை போன் வந்தது. அங்கே பூசாரியும் இல்லை, ஜோசியனும் இல்லை. கைபேசி இருந்தது, படிப்பு இருந்தது, பணம் இருந்தது. அந்தச் சந்தின் இரண்டு முனையிலும் நின்று, "இனி இங்கே போகாதீர்கள், அந்தப் பக்கம் போங்கள்" என்று சொல்லுவதற்கு வேலை தெரிந்த ஆள்தான் இல்லை.

இனி இரண்டாவது சமாதானம். ஜனங்கள் முண்டியடித்தார்கள், மிதித்துக் கொண்டார்கள் என்பது. தோழர்களே! கூட்டத்தில் சாகிறவர்களில் மிதிபட்டுச் சாகிறவர்களைவிட நின்ற நிலையிலும் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தும் மூச்சு முட்டிச் சாகிறவர்களே அதிகம். மூச்சு வாங்க வேண்டுமானால் மார்பு விரியவேண்டும். முன்னும் பின்னும் ஆட்கள் அழுத்தினால் மார்பு விரிய இடமில்லை. சில நிமிஷத்தில் ஆள் முடிந்துவிடுகிறான். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. ஏனென்றால் கீழே விழவும் இடமில்லை.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 10 அடிக்கு 10 அடி உள்ள ஓர் அறையை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் 20 பேர் தாராளமாக நிற்கலாம். 40 பேர் என்றால் நெருக்கம், ஆனாலும் ஒருவிதமாக நகரலாம். 60, 65 என்று போனால் அப்புறம் உங்கள் உடம்பு உங்களுடையதல்ல. கூட்டம் எங்கே சாய்கிறதோ அங்கே நீங்களும் சாய்வீர்கள். கால் தரையில் இருக்காது. அமெரிக்காவில் ஜான் ஃப்ரூயின் என்னும் எஞ்சினீயர் இதையே ஆராய்ந்து, அந்த நெருக்கத்தில் ஜனக்கூட்டம் ஏறக்குறைய ஒரு திரவத்தைப்போல ஆகிவிடுகிறது என்று 1993-இல் எழுதினார். இரும்புக் கம்பி வளைந்து போகிற அழுத்தம் அதில் உண்டாகும். அதை உண்டாக்கியவன் எவன் என்று தேடினால் கிடைக்கமாட்டான். பின்னால் நிற்கும் ஆயிரம் பேரில் ஒவ்வொருவனும் அரை அடிதான் முன்னே வைத்தான். முன்னால் ஆள் சாகிறது அவனுக்கு எப்படித் தெரியும்?

திரவம் என்றதும் குடியானவத் தோழர்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். ஏரி ஏன் உடைகிறது? தண்ணீர் அயோக்கியத் தண்ணீராயிருப்பதாலா? ஒவ்வொரு துளியும் முண்டியடிப்பதாலா? கலிங்கு அடைபட்டிருந்தால் உடையும். மதகைத் திறக்கவேண்டியவன் திறக்காவிட்டால் உடையும். அதற்காகத்தான் ஊருக்கு ஊர் நீர்க்கட்டி என்று ஓர் ஆளை வைத்தார்கள். அவனுக்கு எந்த மடை எவ்வளவு வாங்கும் என்று தெரியும். தண்ணீர் கரையைத் தொட்ட பிறகு அவன் மண்வெட்டியைத் தேடுவதில்லை. அதற்கு முந்தியே போய்விடுவான். ஊரின் உயிரெல்லாம் அவன் கையில் இருந்தது. அவனை ஊர் எங்கே நிறுத்தி வைத்தது, எந்தத் தெருவில் குடிவைத்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அது வேறு பேச்சு. ஆனால் அவ்வளவு வேறு பேச்சும் அல்ல என்பது பின்னால் தெரியும்.

வெள்ளைக்காரன் தேசத்தில் இதெல்லாம் நடக்காது என்று நினைப்பவர்களுக்காக ஒரு சங்கதி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹில்ஸ்பரோ என்று ஒரு கால்பந்து மைதானம். 1989-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி லிவர்பூல் கட்சிக்கும் நாட்டிங்காம் கட்சிக்கும் ஆட்டம். ஒரு கோடியில் லிவர்பூல் ரசிகர்கள் நின்று பார்ப்பதற்கு இரும்பு வேலியால் தனித்தனியாக அடைத்த இடங்கள் இருந்தன. நம் ஊரில் அதற்குப் பட்டி என்று பேர், மாட்டுக்கு வைத்திருக்கிறோம். வெளி வாசலில் நெருக்கம் தாங்காமல், 3 மணி ஆட்டத்துக்குச் சில நிமிஷம் இருக்கையில், போலீசார் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஏறக்குறைய 2,000 பேர் உள்ளே வந்தார்கள். நேர் எதிரே ஒரு சுரங்க வழி. அது ஏற்கெனவே நிரம்பிப்போன நடுப்பட்டிகளுக்குப் போகிற வழி. இடது பக்கமும் வலது பக்கமும் இருந்த பட்டிகளில் இடம் இருந்தது. சுரங்க வாயில் நின்று, "இது நிரம்பிவிட்டது, பக்கத்தால் போங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான் தோழர்களே! ஓர் ஆள், ஒரு வாக்கியம். அதுதான் இல்லை. ஆட்டம் துவங்கி 6 நிமிஷம் கழித்தே நிறுத்தினார்கள். அதில் பட்டு, அன்றைக்கும் பிற்காலத்திலுமாக இறந்தவர்கள் 97 பேர்.

பிறகு என்ன சொன்னார்கள்? ரசிகர்கள் குடித்திருந்தார்கள், கேட்டை உடைத்தார்கள் என்று சொன்னார்கள். போலீஸ் சொல்லிற்று, பத்திரிகை அச்சடித்தது. செத்தவர்களின் தாய் தகப்பன்மார் 27 வருஷம் வழக்கும் விசாரணையுமாக அலைந்தார்கள். 2016-ஆம் வருஷத்தில்தான் ஜூரிகள், இது சட்டவிரோதமாக நேர்ந்த சாவு, ரசிகர்கள் நடத்தை இதற்குக் காரணமல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். நம் ஊரில் விதி செய்த வேலையை அங்கே குடி செய்தது. இனிமேல் உங்களில் யாராவது, "ஜனங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று சொல்லும் முன் அந்தத் தாய்மார்களை ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளுங்கள்.

வாசலில் ஆளை நிறுத்திவிட்டால் மாத்திரம் போதுமா என்றால், போதாது. 2003-ஆம் வருஷம் பிப்ரவரி 20-ந் தேதி அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாகாணத்தில் 'ஸ்டேஷன்' என்கிற ஒரு பாட்டுக் கொட்டகையில், மேடையில் விட்ட மத்தாப்பு சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு நுரையில் பற்றிக் கொண்டது. ஓரிரு நிமிஷத்துக்குள் கொட்டகை முழுதும் கரும்புகை. வேறு வழிகள் இருந்தும், பெரும்பாலோர் உள்ளே வந்த வாசலையே தேடி ஓடினார்கள். மனித சுபாவம் அது. வந்த வழிதான் கால் அறிந்த வழி. அங்கே ஒருவர்மேல் ஒருவராக அடைத்துக் கொண்டார்கள். மேடைக்குப் பக்கத்திலும் ஒரு கதவு இருந்தது. அங்கே நின்ற காவல் ஆள், இது வாத்தியக்காரருக்கு உரிய வழி என்று தடுத்ததாக, தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் பின்னால் சொன்னார்கள். 100 பேர் இறந்தார்கள். இந்த வாசல் இன்னாருக்கு உரியது, நீ வராதே என்கிற புத்தி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தம் என்று நாம் எண்ணிக் கொண்டிருந்தோம்!

இதற்கு எதிரிடையாக இன்னொன்றும் அமெரிக்காவிலேயே நடந்தது. 1977-ஆம் வருஷம் மே 28-ந் தேதி கெண்டக்கி மாகாணத்தில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்கிற பெரிய விருந்து மாளிகையில் தீப்பிடித்தது. அதன் கேளிக்கை மண்டபத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விகடக் கச்சேரி பார்த்துக் கொண்டிருந்தார்கள். தீ வேறொரு கோடியில். இவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிட்ட மேஜையைத் துடைக்கிற ஒரு பையன், வயது 18, அவனுக்குத் தெரிந்தது. மேலாளிடம் போய்ச் சொன்னான். அவர் தயங்கினார். பையன் தானே மேடையேறி, விகடம் செய்தவர்களிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கி, "இந்த மூலையில் ஒரு வழி இருக்கிறது, அந்த மூலையில் ஒரு வழி இருக்கிறது, பார்த்துக் கொள்ளுங்கள். வேறிடத்தில் சிறிது தீ. அமைதியாக எழுந்து போங்கள்" என்ற கருத்தில் சொன்னான். இதுவும் விகடம் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் வெகு பேர் எழுந்து போனார்கள். அந்த மாளிகையில் 165 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் அதே மண்டபத்தில். அவன் சொல்லாவிட்டால் எத்தனை நூறு ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எச்சில் மேஜை துடைக்கிறவன்! நமது இளநீர் அம்மாளுக்கு உறவுக்காரன் என்று சொல்லலாம்.

ஸ்டேஷன் கொட்டகைத் தீக்குப் பிறகு அமெரிக்காவிலுள்ள தேசியத் தீத்தடுப்புச் சங்கம் தன் விதியைத் திருத்திற்று. முன்பு பெரும் பெரும் கூட்டங்களுக்கு மாத்திரமே பயிற்சி பெற்ற கூட்டக் காப்பாளர் வேண்டும் என்றிருந்தது. இப்போது ஜனங்கள் கூடும் மண்டபம் எதுவானாலும் ஒருவராவது வேண்டும். 250 பேருக்கு மேற்பட்டால் 250-க்கு ஒருவர் வீதம் வேண்டும் என்று வைத்தார்கள். மாகாணங்கள் பல இதை ஏற்றுக் கொண்டிருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இந்த விதியில் ஒரு விலக்கு. வழிபாட்டுக்கு மாத்திரம் உபயோகப்படும் சிறு கூடங்களுக்கு, 500 பேர் வரையில், இது வேண்டியதில்லையாம்! புகையும் நெருப்பும் பைபிளைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும்போலும். நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் 1997-ஆம் வருஷம் ஜூன் மாதம், கும்பாபிஷேகத்தை ஒட்டிப் போட்ட பந்தலில் தீப்பற்றி நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். யாகசாலைக்குள்ளேயே நின்றவர்களைத்தான் நெருப்பு தின்றது. அமெரிக்கக்காரன் இதைக் கேட்டால் அந்த விலக்கை எடுத்துவிடுவானோ என்னவோ!

250-க்கு ஒருவர் என்பதை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 5,000 பேர் கூட்டத்துக்கு 20 பேர். நாம் அறுபது பேரை வைத்தோம், மூன்று மடங்கு! ஆகவே ஆள் குறைவல்ல நமது குறை. சின்னம் குத்தினோம், வேலை கற்றுக் கொடுக்கவில்லை. அந்த வேலைதான் என்ன?

முதலாவது, தொண்டன் மேடையைப் பார்க்கக் கூடாது. மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்கவேண்டும். பேச்சைக் காதால் கேட்டுக் கொள்ளலாம். கண் ஜனங்கள் முகத்தில் இருக்கவேண்டும். முகம் மேல்நோக்கித் திரும்பியிருந்தால் காற்றுக்குத் தவிக்கிறார்கள் என்று அர்த்தம். குழந்தையைத் தலைக்குமேல் தூக்கினால், கைகளை மேலே எடுத்தால், நெற்பயிரில் காற்றடித்தாற்போலக் கூட்டம் அலையலையாக ஆடினால், பின்னால் வருவதை உடனே நிறுத்தவேண்டும். பின்னால் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர் வழக்கம் என்ன? முன்வரிசைக்காரனைத் தடியால் தள்ளுவது. முன்னால் இருப்பவன் பின்னே நகர, பின்னால் இருப்பவன் முன்னே நகர, நடுவில் இருப்பவன் சாகவேண்டியதுதான். போலீசார் தடியைச் சுழற்றினாலும் கதி அதுவே. நெருக்கத்தை இளக்க வேண்டுமானால் கடைசி வரிசையிலிருந்துதான் துவக்கவேண்டும். அதற்கு அங்கே ஓர் ஆளும் ஒரு சிறு ஒலிபெருக்கியும் வேண்டும். "தள்ளாதே" என்று கத்திப் பிரயோஜனமில்லை. தள்ளுகிறவனுக்குத் தான் தள்ளுவது தெரியாது. "பின்னால் இருக்கும் தோழர்கள் பத்து அடி பின்னே வாருங்கள்" என்று சொன்னால் செய்வார்கள்.

வழியின் கணக்கும் தெரிந்திருக்கவேண்டும். சமதரையில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிஷத்துக்குச் சுமார் 80 பேர் போகலாம். அதற்குமேல் போகாது, எவ்வளவு அதட்டினாலும் போகாது. அப்படியானால் நாலடி வாசல் ஒன்றுக்கு நிமிஷத்துக்கு நூறு பேர். 2,000 பேர் வெளியேற 20 நிமிஷம். ஸ்டேஷன் கொட்டகையில் கிடைத்தது இரண்டு நிமிஷம் என்று சொன்னோம். எதிரும் புதிருமாக ஜனங்கள் வந்தால் இந்தக் கணக்கும் இல்லை. ஆதலால் வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி, தலைவருடைய வண்டிக்கு ஜனங்கள் நடக்காத வேறொரு வழி. தடுப்பு கட்டினால் ஒரு கையால் திறக்கும்படி கட்டவேண்டும், பக்கத்தில் திறக்கத் தெரிந்தவன் நிற்கவேண்டும். இடம் நிரம்பியதும் கதவைச் சாத்தி, "இனி இடமில்லை, வெளியே ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது" என்று சொல்லவேண்டும். இந்தக் கடைசிக் காரியம்தான் நமக்கு உயிரே போவதுபோல இருக்கும். கூட்டம் குறைந்தால் தலைவர் என்ன நினைப்பாரோ!

தாய்மார்களுக்கு ஒன்று. நெருக்கத்தில் அகப்பட்டுக் கொண்டால் இரண்டு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக் கொள்ளுங்கள், மூச்சுக்கு இடம் இருக்கும். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அதனோடு போய்க் கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்பு கழன்றால் குனியாதீர்கள். பெண்கள் பக்கத்துக்குப் பெண் தொண்டர்கள்தான் வேண்டும் என்று நாம் பல வருஷமாகச் சொல்லியும், இந்த முகாமில் எட்டுப் பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முகாமுக்கு மாமியார்கள் பெரிய மனது செய்து மருமகள்களை அனுப்பவேண்டும். மாமியார்களே வந்தால் இன்னும் விசேஷம். அவர்கள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

இனி நாம் சொல்லுவது இங்கே மேடையில் இருப்பவர்களுக்கு. ஹில்ஸ்பரோவில் ஆட்டத்தை நிறுத்த ஆறு நிமிஷம் ஆயிற்று. நம் கூட்டத்தில் எத்தனை நிமிஷம் ஆகும்? தலைவர் பேசிக் கொண்டிருக்கிறார். கைதட்டல் பலமாயிருக்கிறது. இருபது வயதுத் தொண்டன் ஒருவன் கூட்டம் அலையடிப்பதைப் பார்க்கிறான். மேடையேறி, "அய்யா, பேச்சை நிறுத்துங்கள்" என்று சொல்ல அவனுக்குத் துணிச்சல் வருமா? வந்தால் நாம் பொறுத்துக் கொள்வோமா? "யார்டா இவன்?" என்று இறக்கிவிடமாட்டோமா? சாமிக்கு முன்னால் நிற்கும் பூசாரியைக் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தோம். நமக்கு முன்னால் நிற்கும் தொண்டன் நம்மைக் கேட்கட்டும் என்றால் மாத்திரம் முகம் சுருங்குகிறது. தொண்டன் என்றால் கொடி கட்டுகிறவன், நாற்காலி தூக்குகிறவன், பந்தியில் கடைசியாக உட்காருகிறவன் என்று வைத்திருக்கிறோம். நீர்க்கட்டியை ஊர் வைத்திருந்த இடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. பயிற்சி என்று மூன்று நாள் சொல்லிக் கொடுத்துவிட்டு அதிகாரம் கொடுக்காவிட்டால், அந்தப் பயிற்சி எதற்கு உதவும்?

ஆகவே நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். தலைவர் அவர்கள் இங்கேயே இதைத் தீர்மானமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம். இனி நமது கூட்டம் ஒவ்வொன்றிலும், பெயர் குறித்த ஒரு தலைமைத் தொண்டர் சிவப்புக் கொடியோடு மேடைக்கு எதிரே, எல்லோரும் காணும்படி நிற்கவேண்டும். அவர் கொடியைத் தூக்கினால் பேசுகிறவர் யாராயிருந்தாலும், எந்த வாக்கியத்தில் இருந்தாலும், வாயை மூடி ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தவறிப்போய்த் தூக்கிவிட்டாலும் அவரை ஒருவரும் ஒன்றும் சொல்லக் கூடாது. பத்துத் தடவை வீணாகத் தூக்கினாலும் நஷ்டம் நமது பேச்சில் பத்து வாக்கியந்தான். அதில் பெரும்பாலும் முன்னமே சொன்னதாகத்தான் இருக்கும். மற்றொன்று, கூட்டச் சேதி எழுதும் தோழர்கள் "கட்டுக்கடங்காத" என்ற வார்த்தையை இனிமேல் எழுதாதிருக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வழி இருந்தது, எத்தனை நிமிஷத்தில் கலைந்தது என்று எழுதுங்கள்.

நேரமாகிவிட்டது. கலையும் முறையைச் சொல்லிவிடுகிறோம். தாய்மார்களும் பிள்ளைகளும் இப்போது திறந்த தெற்கு வழியாக முதலில் போகவேண்டியது. அவர்கள் சாலைக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பெண் தொண்டர் கை காட்டிய பிறகு, ஆண்கள் பின் வரிசையிலிருந்து துவக்கி, வடக்கு வழியாகவும் கிழக்கு வழியாகவும் எழுந்து போகலாம். கிழக்கு வழியில் யாரோ ஒரு தோழர் இருசக்கர வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார். அவர் தயவுசெய்து இப்போதே போய் அதை அப்பால் எடுக்கவேண்டும். அதுவரை நாம் மேடையைவிட்டு இறங்கப் போவதில்லை.